மூணாவது டிரைவின் விலாசம்

சால்வையை மறுபடியும் மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கேன்டீன் சமையலறையைத் தாண்டி இருக்கிற இந்த சர்வர் அறைக்குப் பல வருஷமாக வந்து போகிறேன், ஒவ்வொரு தடவையும் குளிர் முழங்கையைப் பிடித்த பிறகுதான் சால்வை ஞாபகம் வருகிறது. மறந்துவிட்டேன் என்று சொல்வதுகூடப் பொய். காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரரே எடுத்துக் கையில் கொடுத்தார். எனக்கொன்றும் குளிராது, நீங்களே போர்த்திக்கொள்ளுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவர் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். இப்போது அந்தச் சால்வையோடு மேலே, நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். பக்கத்தில் இருக்கிறவரிடம் ஊர், தொழில், பிள்ளைகள் எல்லாம் விசாரித்து முடித்திருப்பார். எங்கே போனாலும் ஆள் பிடித்துவிடுவார் என் வீட்டுக்காரர். எனக்கு அந்தத் திறமை கிடையாது. எனக்கு இந்த மாதிரி பெட்டிகளோடுதான் பேச வரும், அதுவும் சண்டை போடத்தான் வரும். நோயாளி யார், கூட வந்தவர் யார் என்று எங்களைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். சிரித்துக்கொண்டிருப்பவர் அவர். நோயாளி என்ற வார்த்தையை ஏன் நினைத்தேன். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. முடிவு இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது, அதை வெளியே எடுக்கிற வேலையைக் கம்பெனி எனக்கே கொடுத்து அனுப்பியிருக்கிறது. கம்பெனிக்கு என்ன தெரியும். ஆஸ்பத்திரி பழைய ஸ்கேன் ஒன்று வேண்டும், டேப்பிலிருந்து எடுக்க முடியவில்லை என்று புகார் கொடுத்தது, இந்த ஏரியா என்னுடையது, அனுப்பினார்கள். புகாரில் நோயாளியின் எண் மட்டும்தான் இருந்தது. அந்த எண் எனக்கு மனப்பாடம்.

பெட்டி என்றால் பீரோ அளவு. முன்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே இரண்டு பக்கமும் டேப்புகள் வரிசையாகச் சொருகியிருக்கும், ஒவ்வொன்றின் முதுகிலும் பட்டைக் கோடு போட்ட ஒரு எண். நடுவில் ஒரு இயந்திரக் கை மேலும் கீழும் ஓடி, கேட்ட டேப்பை உருவி, பின்பக்கம் இருக்கிற மூன்று டிரைவுகளில் ஒன்றில் வைக்கும். டிரைவ் அதைப் படிக்கும், அல்லது அதில் எழுதும். முதல் இரண்டு டிரைவும் தினசரி பேக்கப் எடுக்கிற சர்வருக்கு. மூணாவது, பழைய ஸ்கேன் படங்களை வைத்துக் காப்பாற்றுகிற சர்வருக்கு. யாருக்கு எந்த டிரைவ், எந்த டிரைவுக்கு என்ன விலாசம், எந்த சர்வர் எதை எட்டிப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று எழுதி வைப்பது என் வேலை. கல்யாணமான புதிதில் அவருக்கு இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஊட்டுக்கு ஊடு நெம்பர் போடற வேலைன்னு சொல்லு புள்ள" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. வீட்டு எண்ணைத் தப்பாகப் போட்டால் பந்தலும் வாழைமரமும் வேறு வீட்டு வாசலில் இறங்கும். இழவுச் செய்தியும் அப்படித்தான். சீ, எங்கே சுற்றினாலும் இந்த மூளை அங்கேயே போய் நிற்கிறது. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறேன். குளிரில்தான். லேப்டாப்பைத் திறந்து பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போகிறேன், கடவுச்சொல் இரண்டு தடவை தப்பாகிறது. கேன்டீனில் யாரோ பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற மாதிரி கழுவுகிறார்கள்.

போன வாரம் டாக்டரம்மா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டர் திரையில் அவருடைய நெஞ்சு, கறுப்பும் சாம்பலுமாக, நடுவில் குறுக்கே அறுத்து வைத்தாற்போல. வலது பக்கம், மேலே, விலா எலும்பை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி. உரித்த நிலக்கடலை அளவு. டாக்டரம்மா பேனா நுனியால் அதைச் சுற்றிக் காட்டினார். "வார்ப்புப் பட்டறை மண் தூசியில இருந்தவர், பழைய தழும்பாக்கூட இருக்கலாம். வேற ஏதாச்சுமாவும் இருக்கலாம். கொரோனா சமயத்துல இங்கதான ஸ்கேன் எடுத்தீங்க, அந்தப் படம் வேணும். அதுல இதே எடத்துல இதே அளவுல இந்தப் புள்ளி இருந்துச்சுன்னா, இத்தன வருஷமா வளராம இருக்குதுன்னு அர்த்தம், தழும்புன்னு விட்டுடலாம். அப்ப இல்லாம இப்ப வந்திருக்குன்னா அதுதான் கவலை. அப்புறம் ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்துதான் பேசணும்." அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் புள்ளியைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லையே என்று நான் கேட்டேன். அந்தச் சமயம் அவனவன் ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்த்தான், கிருமியைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை, எழுதாததை நம்ப வேண்டாம், படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சரிங்க, ஆமாங்க, அப்படிங்களா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பட்டறையில் மேனேஜர் முன்னால் நிற்கும்போதும் இதே தலையாட்டல்தான். வெளியே வந்ததும், "நல்லா பேசுது டாக்டரு. நம்ம பக்கமாட்டத்தான் இருக்குது, பொள்ளாச்சியோ என்னமோ" என்றார். அவ்வளவு நேரம் அவர் கவனித்தது அதைத்தான். ஸ்கூட்டர் நிறுத்துமிடம் வரை வந்ததும் என் கையைப் பிடித்தார், ரோட்டில் ஒருநாளும் பிடிக்காத மனுஷன். "டாக்டரு சொல்றதுக்கு முன்ன நீ பாத்துச் சொல்லீரு புள்ள. உன்ற வாயில கேட்டா எனக்குப் பயம் இருக்காது." சொல்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேன்.

ஆக, நான் வேண்டிக்கொண்டிருப்பது என்னவென்றால், நாலு வருஷத்துக்கு முந்திய படத்திலும் அந்தப் புள்ளி இருக்க வேண்டும். எந்தப் பெண்ணாவது இப்படிக் கேட்டிருப்பாளா. மருதமலைக்குப் போய் நின்றுகொண்டு, முருகா, என் புருஷன் நெஞ்சில் அன்றைக்கே கறை இருந்ததாக வை என்று கேட்டேன். அர்ச்சனைத் தட்டை நீட்டிய ஐயர் என்ன வேண்டுதல் என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன். அந்தக் கொரோனா வருஷம் இந்த ஆஸ்பத்திரி வாசலில் தகரப் பந்தல் போட்டு வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். வெயில். ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கப் பயந்து நிற்கிறோம். அவருக்கு நாலு நாள் காய்ச்சல், மூச்சு வாங்கவில்லை, ஆனாலும் பட்டறைக்காரர்கள் ஸ்கேன் பார்க்காமல் வேலைக்கு வரக் கூடாது என்றுவிட்டார்கள். உள்ளே போனவர் ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரத்தில் வெளியே வந்தார். "மூச்ச இழுத்துப் புடிங்கோங்கறான், உட்ருங்கறான், முடிஞ்சுதுங்கறான். இதுக்கா இத்தன கூட்டம்" என்று சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், மாஸ்க்கைச் சரியாகப் போடுங்கள் என்று திட்டினேன். மாஸ்க். பட்டறையில் மண்ணில் கரு, அதாவது வார்ப்புக்கான உள்ளச்சு, செய்கிற பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார், கம்பெனி கொடுத்த மாஸ்க் ஆணியில் தொங்கும், இவர் தலைத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார், அதுவும் யாராவது பேச வந்தால் அவிழ்த்துவிடுவார். பேச்சுத்தான் முக்கியம். ராத்திரி சோறு போடும்போது காதுக்குள்ளிருந்து மண் உதிரும். நான் எத்தனை தடவை சொன்னேன். சொன்னதெல்லாம் இந்த அறையில் எனக்கு நானே சொல்லிக் காட்டி என்ன ஆகப் போகிறது. மண் தழும்பாக இருக்கட்டும். அந்த மண்ணாகவே இருந்துவிடட்டும், பட்டறைக்குப் போய் அந்த மண்ணை விழுந்து கும்பிடுகிறேன்.

மயில்சாமி அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார், இரண்டு கையிலும் டீ. ஆஸ்பத்திரியின் சிஸ்டம் எல்லாம் இவர் பொறுப்பு. நெற்றியில் விபூதி எந்நேரமும் அப்போதுதான் இட்டது மாதிரி இருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மேடம் என்றுதான் கூப்பிடுவார், நான் அண்ணா என்பேன். "ஆச்சுங்ளா மேடம்? நெஞ்சு டாக்டரு ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாங். யாரோ வெள்ளிங்கிரியாம், பழைய படம் வேணுமாம், மேல வந்து காத்துட்டு இருக்காராம்." பார்க்கிறேன் அண்ணா என்கிறேன். யாரோ வெள்ளிங்கிரி. இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள், என் வீட்டுக்காரர் என்று சந்தேகம் வராது. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன. சொன்ன உடனே அவர் முகம் மாறும், டீயைக் கீழே வைப்பார், அடடா மேடம் என்பார், அந்த அடடாவை என்னால் இப்போது கேட்க முடியாது. அவர் சாதாரணமாக இருந்தால்தான் நான் சாதாரணமாக இருக்க முடியும். "போன சனிக்கெழம உங்க பிரான்சிஸ் சார் வந்து மூணாவது டிரைவ மாத்திப் போட்டுட்டு போனாருங். அதுக்கப்புறம்தான் இது டேப்ப எடுக்கவே மாட்டீங்குது. அவருகிட்டக் கேட்டா எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்கறாரு." பிரான்சிஸ் எப்போதும் அப்படித்தான் சொல்வான். பழைய டிரைவ் கெட்டுப் போனால் புதியதைப் போட்டால் மட்டும் போதாது. புதியதற்கு வேறு சீரியல் எண். ஸ்கேன் சர்வர் இன்னமும் செத்துப் போன டிரைவின் விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பழையதை அழித்துவிட்டு, புதிய எண்ணைக் கொடுத்து, இதுதான் இனி உன் மூணாவது டிரைவ் என்று அதற்குச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை நான் டீயாலும் கடவுச்சொல்லாலும் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அழித்தேன். எண்ணைக் கொடுத்தேன். ஸ்கேன் சர்வரை டிரைவ்களை மறுபடி தேடச் சொன்னேன். கிடைத்தது என்றது. அந்த வருஷத்து டேப்பைக் கேட்டேன். கண்ணாடிக்குள் விளக்கு எரிந்தது, கை ஒரு குலுக்குக் குலுங்கிக் கீழே இறங்கியது, இடது வரிசையில் அடியிலிருந்து ஒன்றை உருவியது. அந்த ஒரு சின்ன டப்பாவுக்குள் எத்தனை பேருடைய நெஞ்சு. பந்தலில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள், பின்னால் நின்றவர்கள். அதில் எத்தனை பேர் இப்போது இல்லை. கை மேலே வந்து மூணாவது டிரைவில் டேப்பை வைத்தது, டிரைவ் அதை உள்ளே இழுத்துக்கொண்டது, கண்ணால் பார்த்தேன். திரையில், டிரைவில் டேப் இல்லை என்று வந்தது. மறுபடி கேட்டேன். டேப் இல்லை. என் உடம்பில் ஏதோ ஒன்று அவிழ்ந்து தோள்கள் இறங்கின. நிம்மதி. பயமோ ஏமாற்றமோ இல்லை, சுத்தமான நிம்மதி. டேப் கெட்டுவிட்டது, நான் என்ன செய்ய, மேலே போய்க் கிடைக்கவில்லை மாமா என்று சொல்லலாம். மயில்சாமி அண்ணன், "என்னங் மேடம்?" என்கிறார். ஒன்றுமில்லை என்று திரையைத் திரும்பப் பார்க்கிறேன். நான் கொடுத்திருப்பது இரண்டாவது டிரைவின் எண். கடைசி இரண்டு எழுத்துதான் வித்தியாசம். கை டேப்பை மூணாவதில் வைக்கிறது, சர்வர் இரண்டாவதைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறது. இந்தத் தப்பை வேலைக்கு வந்த முதல் வருஷத்தில்கூட நான் செய்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் அடிப்பேன், ஆபீஸில் அதற்காகவே கேலி செய்வார்கள். விரலா செய்தது, நானா செய்தேன். இதை யாரிடம் கேட்பது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. எண்ணைத் திருத்தினேன், இந்த முறை வாய்விட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மயில்சாமி அண்ணன் டிரைவின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து, ஆமாங், ஆமாங் என்று சரிபார்த்தார்.

விலாசம் சரியானதும் அனுமதிப் பக்கத்தைப் பார்ப்பது பழக்கம். பார்த்தால் பிரான்சிஸ் செய்த காரியம் தெரிகிறது. மூணாவது டிரைவுக்கு நேரே இரண்டு சர்வருக்கும் டிக் போட்டு வைத்திருக்கிறான். எல்லாருக்கும் எல்லாமும். சோம்பேறிகள் செய்கிற வேலை இது, எது எதைப் பார்க்க வேண்டும் என்று யோசிக்க வலித்தால் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவது. அன்றைக்கு ஒன்றும் ஆகாது. என்றைக்காவது பேக்கப் சர்வர் தன் நேரத்துக்கு விழித்துக்கொண்டு, சும்மா இருக்கிற எந்த டிரைவ் கண்ணில் படுகிறதோ அதைப் பிடிக்கும். அதில் இருப்பது அடுத்தவன் டேப், அதில் இருக்கிற பெயர் இதற்குப் புரியாது. புரியாவிட்டால் வெற்று டேப் என்று நினைத்துக்கொள்ளும்படி இந்த ஆஸ்பத்திரியில் யாரோ அமைத்து வைத்திருக்கிறார்கள். தொடக்கம் வரை பின்னால் சுற்றிக்கொண்டு போய், ஆரம்பத்திலிருந்து எழுதத் தொடங்கும். டேப்பில் தலைப்பக்கம் போனால் முழுசும் போன மாதிரி. ஒரு காலேஜில் இப்படித்தான் பத்து வருஷத்துப் பரீட்சைக் கணக்கு போனது, போய்ப் பார்த்தவள் நான். மதிய பேக்கப் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பும். டேப் இப்போது மூணாவது டிரைவில் இருக்கிறது. டேப்பின் ஓரத்தில் எழுதக் கூடாது என்று பூட்டுகிற சின்னப் பொத்தான் தள்ளியிருக்கிறதா இல்லையா என்று உள்ளே போன பிறகு தெரியாது. நான் செய்ய வேண்டியது ஒரு டிக்கை எடுப்பது. சுட்டி அதன் மேல்தான் நிற்கிறது. நான் அழுத்தவில்லை.

அழுத்தாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைக்கத்தானே செய்கிறேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கேன்டீனில் உட்காரலாம். திரும்பி வரும்போது பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும். ஐயோ பிரான்சிஸ் இப்படிச் செய்துவிட்டானே என்று கத்தலாம், கத்துவதில் பொய்யே இருக்காது. பழைய படம் போய்விட்டது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்குவார். சரி, மூணு மாசம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்போம், வளர்ந்திருக்கிறதா பார்ப்போம் என்று நானே கேட்டு வாங்கிவிடலாம், சம்மதிக்கிற டாக்டர் ஊரில் ஒருவராவது இருப்பார். மூணு மாசம். அந்த மூணு மாசமும் அது தழும்பாகவே இருக்கும். மண்ணாகவே இருக்கும். அவர் மத்தியானம் படுத்து எழுந்து, காப்பி குடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய காரைப் பற்றி நொட்டை சொல்லுவார், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து தானே வறுப்பேன் என்று அடுப்பைப் பாழாக்குவார். மூணு மாசம் எவ்வளவு நீளம். பிறகு மூளையின் இன்னொரு பக்கம், வேலை தெரிந்த பக்கம், அது எப்போதும் இரக்கமில்லாமல் பேசும், அது சொல்கிறது: புதுசாக இருந்தால் மூணு மாசத்தில் அது என்னவாகும் என்று உனக்குத் தெரியும். தெரியும். தெரிந்துதான் இருக்கிறது. நிலக்கடலை நெல்லிக்காயாகும். நான் படிக்காமல் இருந்திருக்கலாம், போனில் தேடித் தேடிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அதோடு அந்த டேப்பில் அவர் மட்டுமா இருக்கிறார். என்னை மாதிரியே எவளோ ஒருத்தி நாளைக்கு வந்து பழைய படம் வேண்டும் என்று நிற்பாள். அவளுக்கு அதில் புள்ளி இருக்கலாம், அவள் தப்பித்துப் போகலாம். முகம் தெரியாத அவள் மேல் எனக்குப் பொறாமையாக வருகிறது, கூடவே அவளுக்காகப் பயமாகவும் இருக்கிறது. "மேடம், மத்தியான பேக்கப் ஆரம்பிக்கப் போவுது. அது பாட்டுக்கு ஓடலாமுங்ளா, நிறுத்தி வெக்கட்டுங்ளா?" மயில்சாமி அண்ணன் வாசலிலிருந்து கேட்கிறார். ஒரு நிமிஷம் அண்ணா என்கிறேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. டிக்கை எடுத்தேன். சேமித்தேன். மறுபடி பக்கத்தைத் திறந்து, பேக்கப் சர்வருக்கு நேரே கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். ஓடட்டும் அண்ணா, இனி ஒன்றும் ஆகாது என்றேன்.

படத்தைக் கேட்டாயிற்று. டேப் சுற்றுகிற சத்தம், தூரத்தில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. அந்தப் படம் டேப்பின் எந்த இடத்தில் இருக்கிறதோ அதுவரை சுற்றிப் போக வேண்டும். வைகாசி மாசம். அவர் வரிசை. போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை, இருபது வருஷமாக நான் வெறுக்கிற நேரம் இது, திரையில் நீலக் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது. மனசு என்னென்னவோ செய்கிறது. புள்ளி இருந்தால் ஸ்கூட்டரை நேரே அன்னபூர்ணா ஓட்டலுக்கு விடலாம், அவருக்கு நெய் ரோஸ்ட். இருந்தால் இனி மாஸ்க்கைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். இருந்தால் சால்வைக்கு மன்னிப்புக் கேட்பேன். பேரம் பேசுகிறேன், காய்கறிக்காரரிடம் பேசுவது போல. நீலக் கோடு நின்றது. பிறகு நகர்ந்தது. முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்று திரை சொன்னது.

எடுத்துக் கொடுத்தால் போதாது, ஒரு படத்தையாவது திறந்து பார்த்துச் சரிதான் என்று ஆஸ்பத்திரிக்காரர் சொல்ல வேண்டும், அதுதான் முறை. மயில்சாமி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கம்ப்யூட்டரில் திறந்தார். மேலே ஓரத்தில் பெயர், வயது, அந்த வருஷம். அவர் மவுஸ் உருளையை உருட்ட, கழுத்திலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்காக நெஞ்சு திறந்துகொண்டு வந்தது. கழுத்தெலும்பு. நுரையீரலின் உச்சி, இரண்டு கறுப்புத் துளி. துளி பெரிதாகிறது. எந்த அடுக்கில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும், போன வாரத்துப் படத்தை ஒரு வாரமாகக் கண்ணுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே நிறுத்துங்கள் அண்ணா என்றேன். நிறுத்தினார். வலது பக்கம், மேலே, விலாவை ஒட்டி. கறுப்பாக இருந்தது. அடுத்த அடுக்கு என்றேன். கறுப்பு. அதற்கு முந்தியது. கறுப்பு, நூல் மாதிரி ரத்தக் குழாய்கள், வேறெதுவும் இல்லை. கொடுங்கள் என்று மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே போனேன். அடியில் இரண்டு பக்கமும் கிருமி மேய்ந்த இடம் லேசாக மங்கலாகத் தெரிந்தது, ரிப்போர்ட்டில் எழுதியிருந்தபடியே. மேலே ஒன்றுமில்லை. பெயரைப் பார்த்தேன், வயதைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், வேறு ஒருத்தர் படமாக இருக்கட்டும் என்று பார்த்தேன். அவருடையதுதான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், உள்ளே ஒரு கறை இல்லாமல். "அருமையா வந்திருச்சுங் மேடம். ஒரு கோடு இல்ல, கீறல் இல்ல. உங்க கை பட்டாத்தான் இந்தப் பெட்டி கேக்குது" என்றார் மயில்சாமி அண்ணன். நான் ஆமாங்கண்ணா என்றேன். டாக்டருக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். அவர் அனுப்பினார். நான் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

கதவுக்கு வெளியே வந்தேன். கேன்டீன் சாம்பார் வாசம் முகத்தில் அடித்தது. மாடிக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். படியில் கால் வைத்தேன், ஏற முடியவில்லை. டாக்டரம்மா கூப்பிடுவதற்குள் நான் சொல்லியாக வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன். போனை எடுத்தேன். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார், கையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

"என்ன புள்ள, கெடச்சுதா?"

"கெடச்சிருச்சு மாமா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்தப் புள்ளி இருக்குதா அதுல?"

சுவரில் கை வைத்துக்கொண்டேன்.

"இல்லீங்க மாமா. அதுல இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு. பிறகு சிரிப்பு. "இல்லியா? அப்பாடா. நான் அப்பவே சொன்னனா இல்லியா, ஒண்ணும் இருக்காதுன்னு. ஒரு வாரமா நீதான் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு சோறு திங்காம." பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது, "ஒண்ணுமில்லையாமுங்க, என்ற சம்சாரமே பாத்துச் சொல்லீருச்சு, பழைய படத்துல புள்ளியே இல்லியாமா." அந்த யாரோ, நல்லதுங்க, நல்லதுங்க, கடவுள் இருக்கறானுங்க என்றார். இவர் மறுபடி சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று, இருமிக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்து முடிக்கட்டும் என்று போனைக் காதில் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் நின்றேன்.